தீயில் வாழ்ந்த எலி (பண்டங்களின் சரிதம் – 9)

சென்ற இதழில் பட்டின் சரிதத்தை முடிக்கும்போது, ரோமாபுரிப் பெரியோர்கள் அதனை மரத்தின் இலைகளிலிருந்து வாரி எடுக்கப்படும் ஒருவகைப் பஞ்சு என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர் என்பதைச் சொல்லி நிறுத்தினோம். புழுவின் நூலை மரத்தின் நூலாகக் கருதிய மேற்றிசையாரைப் பார்த்து நகைக்க விரும்பும் வாசகர்கள் சற்றே பொறுக்க வேண்டும். ஏறக்குறைய அதே காலத்தில், மேற்கிலிருந்து கிழக்கே சென்ற வேறொரு துணியைக் கையில் வாங்கிப் பார்த்த சீனர்கள், கல்லின் நூலை ஒரு மிருகத்தின் மயிராகக் கருதி, அந்த மிருகத்துக்கு உருவமும் நிறையும் உறைவிடமும் வகுத்து, அதனைப் பிடித்துக் கொல்லும் முறையைக்கூட ஏட்டில் எழுதி வைத்துவிட்டார்கள். தீயில் பிறந்து தீயிலேயே வாழும் அந்த எலியின் கதையே இவ்விதழின் விஷயம்.

துணிக்குச் சீனர் இட்ட பெயர் ஹுவோ ஹுவான் பு. தீயில் துவைத்த துணி என்பது பொருள். ஜப்பானியர் அதே மூன்று எழுத்துக்களைக் ககன்பு என்று வாசிப்பர். எலியைச் சீனர் ஹுவோ ஷு என்றும், ஜப்பானியர் ஹினெஸுமி என்றும் வழங்கினர். சௌ வமிசத்து மூ மன்னன் மேற்குத் திசை நாடோடிகள்மீது படையெடுத்துச் சென்றபோது, அவர்கள் ஜேட் என்னும் பச்சைக்கல்லையும் களிமண்போல் அறுக்கும் ஒரு வாளையும் இந்தத் துணியையும் காணிக்கையாகச் செலுத்தினார்கள் என்றும், அழுக்கானால் அதனைத் தீயில் இட வேண்டும், இட்டவுடன் துணி தீயின் நிறத்தையும் அழுக்கு துணியின் நிறத்தையும் அடையும், எடுத்து உதறினால் வெண்பனிபோல் வெளுத்திருக்கும் என்றும் 'லியே ஸி' என்ற தாவோ நூல் சொல்லுகிறது. அந்நூலில் ஓர் இளவரசன் இப்படிப்பட்ட வஸ்து உலகத்தில் இருக்கவே முடியாது என்று சாதிக்கிறான். அவன் தன் அறிவின்மீது வைத்த நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது என்று மற்றொருவன் இடித்துரைக்கிறான். இந்த இளவரசன் யார் என்பதற்குச் சிறிது பின்னர் வருவோம்.

துணி சீன அரண்மனை வட்டாரத்தில் எவ்வாறு பழகிற்று என்பதற்கு நல்ல சான்று கீழை ஹான் வமிசத்தின் கடைசிக் காலத்தில் கிடைக்கிறது. லியாங் ஜி என்பவன் தன் சகோதரி சக்கரவர்த்தினியாக இருந்த பெருமையினால் கி.பி. 141இல் மகா சேனாதிபதியாகி, சிறுவர்களான சக்கரவர்த்திகளை ஒருவர்பின் ஒருவராக அரியணையில் ஏற்றி, பதினெட்டு ஆண்டுக்காலம் நாட்டைத் தன் கைக்குள் வைத்திருந்தவன். அவனிடம் இந்தத் துணியால் தைத்த ஒற்றை அங்கி ஒன்று இருந்தது. பெரிய விருந்து ஒன்றில், பிரமுகர்கள் யாவரும் கூடியிருக்க, அவன் வேண்டுமென்றே கிண்ணத்துக்காக ஒருவரோடு போட்டியிட்டு, மதுவைத் தன் அங்கிமேல் கொட்டிக்கொண்டான். கோபங்கொண்டவன்போல் நடித்து அங்கியைக் கழற்றி, 'இதை எரித்துவிடுங்கள்' என்று உத்தரவிட்டான். ஏவலாளர்கள் நெருப்பில் போட்டார்கள். சாதாரணத் துணி எரிவதுபோலவே அதுவும் தகதகவென்று ஒளி வீசிற்று. அழுக்கு முழுவதும் தீய்ந்து, நெருப்பு அணைந்த பிறகு எடுத்துப் பார்க்கையில், சாம்பல் நீரில் போட்டு அலசியதுபோல் பளபளவென்று வெளுத்திருந்தது. விருந்தினர்கள் வாயடைத்து நின்றிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. இந்த நிகழ்ச்சியை எழுதிவைத்தவர் அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த ஃபூ ஷுவான் என்ற அறிஞர். லியாங் ஜியோ 159இல் சக்கரவர்த்தியும் அந்தப்புர அலிகளும் சேர்ந்து செய்த சூழ்ச்சியில் சிக்கித் தற்கொலை செய்துகொண்டான். அவன் உடைமைகளைப் பறிமுதல் செய்து விற்ற பணத்தைக் கொண்டு அவ்வாண்டு தேச முழுவதும் வரியைப் பாதியாகக் குறைக்க முடிந்தது என்று சரித்திரம் கூறுகிறது. அங்கி யார் கைக்குப் போயிற்று என்பதை அது கூறவில்லை.

இவ்வளவு விலையுயர்ந்த துணி எதனால் ஆனது என்ற கேள்வி எழாமல் இருக்குமா? விடை சொல்ல முன்வந்தவற்றுள் மிகவும் பிரசித்தி பெற்றது 'ஷென் யி ஜிங்' என்ற அதிசயங்களின் நூல். ஹான் பேரரசர் வூவின் அவையில் விகடம் செய்து வாழ்ந்த தோங்ஃபாங் ஷுவோ எழுதியதாக அது தன்னைச் சொல்லிக்கொள்ளுகிறது. உண்மையில் அது அவருக்குப் பிந்திய கிரந்தம். தென்திசைப் பாழ்நிலத்துக்கு அப்பால் ஒரு நெருப்புமலை இருக்கிறது, அதில் எரிந்து தீராத மரங்கள் இரவும் பகலும் எரிந்துகொண்டே நிற்கின்றன, புயலடித்தால் தீ மிகுவதில்லை, பெருமழை பெய்தால் குறைவதுமில்லை. அந்தத் தீக்குள்ளே ஓர் எலி, நிறை நூறு ஜின், அதாவது ஒரு ஆட்டுக்கடாவின் கனம், மயிரின் நீளமோ ஒன்றரை அடிக்கு மேல், பட்டு நூல்போல் மெல்லியது. தீக்குள் இருக்கும்போது அதன் நிறம் சிவப்பு, வெளியே வந்தால் வெள்ளை. வெளியே வரும் சமயம் பார்த்துத் துரத்தி நீரைக் கொட்டினால் உடனே செத்துவிடும். பிறகு மயிரைக் கத்தரித்து நூற்றுத் துணி நெய்யலாம். இவ்வாறு தெற்கே ஒரு தீயெலியைப் படைத்த ஆசிரியர், வடக்கே நூறு பாகம் கனத்த பனிக்கட்டியின் அடியிலும் ஓர் எலியைக் குடியிருத்தி, அதன் நிறை ஆயிரம் ஜின் என்றும், அதன் இறைச்சி உஷ்ணத்தைத் தணிக்கும் என்றும், மயிரைப் படுக்கையாக விரித்தால் குளிர் அண்டாது என்றும் எழுதிச் சமன்செய்கிறார். திசைக்கொரு பூதம் வைத்துப் பழகிய சீன மனத்துக்கு இந்த இணை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

எல்லாரும் எலியோடு நின்றுவிடவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரசவாதியான கெ ஹுங், தீயில் துவைக்கும் துணியில் மூன்று சாதி உண்டென்று வகுத்து, கடலிடையேயுள்ள ஒரு தீவில் வசந்தத்தில் மூண்டு கூதிரில் அணையும் இயற்கைத் தீயில் வளரும் மரத்தின் பூவினால் ஒன்று, அம்மரத்தின் பட்டையினால் ஒன்று, அத்தீயில் வாழும் வெள்ளெலியின் மயிரினால் மற்றொன்று என்றார். கம்போடியப் பகுதியில் இருந்த ஃபூனான் அரசைப் பற்றி லியாங் வமிசச் சரித்திரம் சொல்லும்போது, அதற்குக் கிழக்கே பெருங்கடலைக் கடந்தால் தீயில் முளைக்கும் மரங்கள் உள்ள ஒரு தீவு வரும், அருகிலுள்ளவர்கள் பட்டையை உரித்து நூற்றுச் சில அடி நீளமே உள்ள கைக்குட்டைகள் நெய்கிறார்கள், நிறம் சற்றே நீலங்கலந்த கறுப்பு, அழுக்கானால் நெருப்பில் போட்டுச் சுத்தம் செய்கிறார்கள், விளக்குத் திரியாக இட்டால் அது தீர்வதே இல்லை என்கிறது. இந்தக் குறிப்பு எலிக்கதையைவிட நமக்குப் பெறுமானமுள்ளது. தென்கடலின் எரிமலைத் தீவுகளைப் பார்த்த மாலுமிகளின் பேச்சு அதில் கேட்கிறது. கைக்குட்டையின் சிறுமையும், கலங்கிய நிறமும், தீராத திரியும் உண்மையான சரக்கைக் கையில் தொட்டுப் பார்த்தவர்கள் சொல்லக்கூடியவை.

சரக்கு இன்னதென்று இன்று நமக்குத் தெரியும். அது கல்நார். சில பாறைகளின் பிளவுகளில், பஞ்சுப் பொதிபோல் உரித்தெடுக்கத்தக்க இழைகளாக விளையும் கனிப்பொருள். இழைகள் வழுவழுப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் தனியே நூற்பது கடினம். ஆகவே பல தேசங்களிலும் ஆளி முதலான நாரோடு கலந்து நூற்று, நெய்தபின் நெருப்பில் காட்டி, கலந்த நாரை எரித்துவிட்டுக் கல்லின் இழையை மட்டும் மீத்துக்கொண்டார்கள். எண்ணெயும் மதுவும் எரிந்துபோகும்; அடுப்புத் தீயின் வெப்பத்தில் கல் அசையாது. மாயம் என்று நினைத்ததெல்லாம் இவ்வளவே. ஆனால் சுரங்கம் ஒரு நாட்டில், நெசவு வேறொரு நாட்டில், வாங்குபவன் ஆறுமாதப் பயணத்துக்கு அப்பால் இருக்கும்போது, நடுவில் நிற்கும் வர்த்தகன் கல்லென்று சொல்லி விலையைக் கெடுத்துக்கொள்வானா? எலியைப் படைத்தவன் வியாபாரிதான் என்பது நமது அபிப்பிராயம். நூலாசிரியர்கள் அதற்கு நிறையும் மயிரும் சேர்த்தார்கள்.

இனி அந்த இளவரசனைப் பார்ப்போம். மூன்று ராஜ்யங்களின் காலத்தில் வெய் அரசை நிறுவிய சாவ் பீ, 220 முதல் 226 வரை சக்கரவர்த்தியாக இருந்தவர்; அதற்கு முன்பே கவிஞராகவும் விமரிசகராகவும் பெயர் பெற்றவர். அவர் எழுதிய 'தியான் லுன்' என்ற நூலில் மூடநம்பிக்கைகளைக் கண்டிக்கும் பகுதிகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றில், தீ என்பது கொடிய சுபாவமுடையது, உயிரைத் தாங்கும் மூச்சு அதனிடம் கிடையாது, ஆகையால் தீயில் வாழும் பிராணியும் தீயில் துவைக்கும் துணியும் அறிவுடையோர் காதில் ஏறத்தக்கன அல்ல என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அவர் காலத்தில் மேற்கு வழிகள் அடைபட்டிருந்தமையால் அந்தத் துணி சீனத்துக்கு வருவது நெடுநாளாக நின்றுபோயிருந்தது. லியாங் ஜியின் அங்கி வெறும் கதையாகிவிட்டது. அவருக்குப் பின் பட்டம் பெற்ற மகன் சாவ் ரூயி, தந்தையின் நூல் அழியாத வாக்கியங்களைக் கொண்டதென்று பறைசாற்றி, 230இல் அதனைக் கல்லில் வெட்டி, மூதாதையர் கோயிலின் வாயிலுக்கு வெளியேயும், தலைநகர் லோயாங்கின் மகா வித்தியாசாலையிலும் நாட்டுவித்தார். கன்பூசிய வேதங்களைப் பொறித்த கற்களுக்குப் பக்கத்தில் தகப்பனாரின் கல்லும் நின்றது.

239ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாவ் ரூயி காலமானார். பட்டம் ஏறிய சாவ் ஃபாங் எட்டு வயதைத் தாண்டாத சிறுவன். அவன் பட்டமேறிய மறுமாதமே மேற்குத் தேசத்துத் தூதர்கள் வந்து சேர்ந்தனர். பல மொழிகளை மாற்றி மாற்றிப் பேசும் துபாஷிகளின் வாயிலாகத் தங்கள் வணக்கத்தைத் தெரிவித்து, தீயில் துவைக்கும் துணியைக் காணிக்கையாக வைத்தனர். மந்திரிமார்களும் சேனாதிபதிகளும் கூடியிருந்த சபையில் அது சோதித்துக் காட்டப்பட்டது. தீ தன் வேலையைச் செய்தது. துணி வெளுத்து வந்தது. அப்புறம் என்ன செய்வது? அழியாத வாக்கியங்களில் அந்தப் பகுதியை மட்டும் கல்லிலிருந்து செதுக்கி அழித்துவிட்டார்கள். உலகம் சிரித்தது என்று கான் பாவ் என்ற பழைய நூலாசிரியர் முதலியோரின் குறிப்புகள் முடிகின்றன.

இச்செய்திகளைத் தொகுத்து நமக்களித்தவர் 'மூன்று ராஜ்யங்களின் சரித்திர'த்துக்கு 429இல் வியாக்கியானம் எழுதி முடித்த பெய் சுங்ஜி. அவர் கேட்டதை எழுதியதோடு நிற்காத மனிதர். தெற்கு அரசின் படையோடு லோயாங்குக்குச் சென்றபோது, மகா வித்தியாசாலையில் 'தியான் லுன்' கல் இன்னும் நிற்பதைத் தம் கண்ணால் கண்டதாகவும், கோயில் வாசலில் கல் இல்லாதது கண்டு அவ்வூர் முதியவர்களை விசாரித்ததாகவும், அடுத்த வமிசத்தார் கோயிலை எடுத்துக்கொண்டபோது கல்லைப் பெயர்த்துவந்து வித்தியாசாலையில் வைத்தார்கள், இரண்டு இடங்களில் நாட்டியதே இல்லை என்று அவர்கள் கூறியதாகவும், அந்த விளக்கம் தமக்குச் சரியாகப் படவில்லை என்றும் அவர் எழுதுகிறார். ஒரு சிரிப்புக்குரிய கதையின் நடுவே, இரு நூற்றாண்டுகள் கழித்து ஒருவர் போய்க் கல்லைத் தேடி நின்றார் என்பது சீனச் சரித்திரகாரர்களிடம் நமக்குள்ள மரியாதையை மிகுவிக்கிறது. 'லியே ஸி'யில் வரும் நம்பாத இளவரசன் இந்தச் சாவ் பீயைக் குத்திக்காட்டவே புகுத்தப்பட்டான் என்றும், ஆகவே அந்நூலின் இப்போதுள்ள வடிவம் 239க்குப் பின்னரே எழுந்திருக்க வேண்டும் என்றும் பிற்கால அறிஞர் பலர் வாதித்திருக்கின்றனர். கல்லில் அழித்த கேலி ஏட்டில் நிலைத்துவிட்டது.

சாவ் பீயைப் பார்த்து உலகம் சிரித்தது சரியா? பாதிதான் சரி என்போம். துணி இல்லை என்றது அவர் பிழை. தாம் காணாததை இல்லையென்று கல்வெட்டு நிலைக்கு உயர்த்தியது அவர் மகனின் பிழை. ஆனால் தீயில் எந்த உயிரும் வாழ முடியாது என்று அவர் சொன்ன காரணம் அணுவளவும் பிசகாதது. அந்தக் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'துணி இருக்கிறது, தீயில் உயிர் இல்லை, ஆகவே துணி உயிரினத்திலிருந்து வந்ததாகாது' என்று ஒருவர் ஓரடி மேலே நடந்திருந்தால் 239லேயே கல்லை எட்டியிருக்கலாம். சபையில் இருந்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை. துணி மெய்யானதும் எலியும் மெய்யாகிவிட்டது. துணியை மெய்ப்பித்த அதே நெருப்பு எலிக்கும் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டு, அதற்குப் பின் ஆயிரம் ஆண்டு அது அசைக்க முடியாமல் வாழ்ந்தது.

மேற்றிசையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. பின் ஹான் சரித்திரம் இந்தத் துணியை ரோமாபுரிப் பேரரசின் விளைபொருள்களில் சேர்க்கிறது. ரோமாபுரியில் உள்ள பிளினியைக் கேட்டாலோ, மழையே காணாத, பாம்புகள் நிறைந்த இந்தியப் பாலைகளில் வெயிலில் வெந்து விளையும் ஒருவகை ஆளிச்செடியின் நார் இது, விலையில் உயர்ந்த முத்துக்களுக்கு நிகர், அரசர்களின் பிணத்தைச் சுற்றுவதற்கு உதவும், விருந்தில் பயன்பட்ட கைத்துணிகளைக் கணப்பில் எறிந்து சுத்தம் செய்வதை நானே பார்த்தேன் என்கிறார். ஒவ்வொருவரும் அடுத்தவன் நாட்டைக் கைகாட்டுகிறார்கள். பின்னர், தீயை அணைக்கும் என்று அரிஸ்டாட்டில் காலம் முதலே சொல்லப்பட்டுவந்த சலமாந்தர் என்னும் பல்லி போன்ற பிராணியோடு துணி முடிச்சுப் போடப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் கிழக்கே ஆள்வதாகக் கற்பிக்கப்பட்ட பிரஸ்தர் ஜான் என்ற கிறிஸ்தவ அரசனின் பெயரால் ஐரோப்பாவில் உலவிய கடிதம், சலமாந்தர் புழுக்கள் தீயில் கூடு கட்டுகின்றன, அரண்மனைப் பெண்கள் அதை நூற்கிறார்கள் என்று பட்டையும் கல்நாரையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. சிகாகோ நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெர்டோல்ட் லாவ்ஃபர் 1915இல் எழுதிய நீண்ட ஆராய்ச்சியில் இந்த இரு மரபுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்து, சீனத்துத் தீயெலிக் கதைகளுக்கு மேற்கிலிருந்து வந்த பேச்சே மூலம் என்ற பக்கம் சாய்ந்தார்.

ஜப்பானுக்கு எலி வந்த வழி சீன ஏட்டின் வழி. 930களில் மினமோதோ நோ ஷிதகோ தொகுத்த 'வமியோ ருய்ஜுஷோ' அகராதியில் அது ஒரு பதமாக ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஜப்பானியர் மனத்தில் அதை நிலைநிறுத்தியது, அந்நாட்டின் மிகப் பழைய கதைநூலாகக் கருதப்படும் 'தகெதோரி மோனோகதாரி'. மூங்கில் வெட்டும் கிழவன் ஒருவன் ஒளிரும் கணுவுக்குள் கண்டெடுத்து வளர்த்த ககுயா ஹிமே என்ற பெண்ணை மணக்க ஐந்து பிரபுக்கள் போட்டியிடுகிறார்கள். ஒருவருக்கும் கிட்டாத ஒவ்வொரு பொருளை அவள் கேட்கிறாள். வலப்பக்க மந்திரி அபே நோ மியுஷிக்கு விழுந்த பங்கு தீயெலியின் தோலாடை. இந்தப் பெயருடைய ஒருவர் 701இல் உண்மையாகவே அப்பதவியில் அமர்ந்து 703இல் காலமானவர். இறந்து நெடுங்காலமான மந்திரியைக் கேலிக்கதையில் இழுத்துவிட்ட ஆசிரியர் யாரென்று பெயர் வெளிவராதது அவருக்கு நல்லதாகவே போயிற்று.

மற்றப் பிரபுக்களுள் இருவர் பொய்யும் புரட்டும் செய்கிறார்கள். அபேயோ பணக்காரர், ஆகவே பணத்தைக் கொண்டு காரியத்தை முடிக்கப் பார்க்கிறார். அவ்வாண்டு வந்த சீனக் கப்பலைச் சேர்ந்த வாங் சிங் என்ற வர்த்தகனுக்குக் கடிதம் எழுதிப் பொன்னையும் கொடுத்து, ஓனோ நோ ஃபுஸாமோரி என்ற தம் ஆளை அனுப்புகிறார். வர்த்தகனின் முதல் பதில் யோக்கியமானது: 'இந்த ஆடை எங்கள் தேசத்தில் இல்லை, கேள்விப்பட்டதுண்டு, பார்த்ததில்லை, உலகத்தில் இருக்கும் பொருளானால் இதற்குள் இங்கே வந்திருக்கும், ஆயினும் இந்தியாவிலிருந்து யாரேனும் கொண்டுவந்திருந்தால் செல்வர்களிடம் விசாரித்துப் பார்க்கிறேன்' என்பது அதன் கருத்து. இரண்டாவது பதில் ஆடையோடு வருகிறது. கப்பல் கரை தட்டிய செய்தி கேட்டு மந்திரி குதிரை அனுப்ப, ஃபுஸாமோரி கியூஷுத் தீவிலிருந்து தலைநகருக்கு ஏழே நாளில் வந்துவிடுகிறான். முற்காலத்தில் இந்தியாவிலிருந்து ஒரு மகான் கொண்டுவந்து மேற்கு மலைக்கோயிலில் வைத்திருந்த ஆடை இது, அதிகாரிகள் விலை போதாதென்றார்கள், என் கைப்பொன் ஐம்பது ரியோ சேர்த்து வாங்கினேன், கப்பல் திரும்புமுன் அதை அனுப்பிவையுங்கள், இல்லையேல் ஆடையைத் திருப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறான் அந்தக் கெட்டிக்கார வர்த்தகன். ஐம்பது ரியோ என்று அவன் குறிப்பிட்டதில்தான் சரக்கின் மீது நம்பிக்கை பிறக்கிறது, சரியான வியாபாரி.

பலநிறப் பளிங்குகள் இழைத்த பெட்டியைத் திறந்தால், ஆழ்ந்த நீல நிறத்தோல், மயிரின் நுனிகள் பொன்போல் மின்னுகின்றன. மந்திரி சீனத் திசை நோக்கிக் கும்பிடுகிறார். அன்றிரவே மணமகன் ஆகிவிடும் எண்ணத்தோடு அலங்கரித்துக்கொண்டு, கவிதை ஒன்றையும் சேர்த்து எடுத்துச் செல்கிறார். கிழவன் மகிழ்ந்து உள்ளே அழைக்கிறான். ககுயா ஹிமே மட்டும், எரித்துப் பார்த்து எரியாவிட்டால் உண்மையான ஆடை என்று ஒப்புக்கொள்கிறேன் என்கிறாள். சீனத்திலேயே கிடைக்காததைத் தேடிக் கொணர்ந்தேன், இதில் சந்தேகம் என்ன, சீக்கிரம் போடுங்கள் என்கிறார் மந்திரி. போட்டார்கள், மளமளவென்று எரிந்துவிட்டது. அவர் முகம் புல்லின் நிறமாக மாற, அவள் முகத்தில் சந்தோஷம் பொங்கிற்று. லியாங் ஜியின் விருந்திலும் வெய் சபையிலும் பொருளை மெய்யாக்கிய சோதனையே இங்கே பொய்யைக் காட்டிக்கொடுத்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இன்னொன்று: சீன ஏடுகளில் எப்போதும் நெய்த துணியாக இருந்தது ஜப்பானியக் கதையில் உரித்த தோலாகிவிட்டது. கல்நார்த் துணியைக் கண்ணால் பார்த்த எவரும் நீலத்தோலும் பொன்மயிருமாக அதை வருணிக்கமாட்டார்கள். இந்த ஆசிரியருக்குக் கிடைத்தது எலி மட்டுமே.

எலியின் ஆட்சிக்கு முதல் அடி மங்கோலியர் காலத்தில் விழுந்தது. சுரங்கமும் நெசவும் அரண்மனையும் ஒரே ஆட்சியின்கீழ் வந்தபோது வர்த்தகனின் மறைப்புக்கு இடமில்லாமற் போயிற்று. 1260களில் குப்லாய் கானின் பொக்கிஷ அதிகாரி அஹ்மத், ஒரு மலையில் விளையும் கல்மயிரால் நெய்த துணி தீப்பற்றுவதில்லை, அதனை எடுக்க அதிகாரிகளை அனுப்ப வேண்டும் என்று விண்ணப்பித்ததை யுவான் வமிசச் சரித்திரம் பதிந்திருக்கிறது. அதிசயம் அரசாங்கத்தின் வருமான இனமாகிவிட்டது! மார்க்கோ போலோவும், கானின் பொருட்டு அந்த வேலையை மேற்பார்த்து மூன்றாண்டு அங்கே தங்கியிருந்த ஜுல்ஃபிகார் என்ற துருக்கிய நண்பரிடம் கேட்டறிந்து, சலமாந்தர் என்பது பிராணியே அன்று, மலையில் வெட்டி எடுக்கும் ஒரு பொருள் என்று அடித்துச் சொல்லுகிறார். வெட்டியதை உலர்த்தி, பெரிய செப்பு உரலில் இடித்து, மண் போகக் கழுவினால் கம்பளி போன்ற இழை மிஞ்சும். அதை நூற்றுக் கைத்துணி நெய்வார்கள். நெய்தபோது அவ்வளவு வெளுப்பாக இராது, சற்று நேரம் தீயில் இட்டால் வெண்பனியாகும். இயேசுநாதரின் புனிதத் துணியைப் பொதிந்து வைக்குமாறு கான் ஒரு கைத்துணியைப் போப்பாண்டவருக்கு அனுப்பினார் என்றும் அவர் சேர்க்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் எலி சாகவில்லை. 1578இல் எழுதி முடித்து 1596இல் அச்சான லி ஷிஜெனின் மருந்துப் பொருட் பெருநூலை எடுத்துப் பார்த்தால், சாம்பலாகாத மரம் என்ற பெயரில் கல்நார் கற்களின் வரிசையில் முறையாக வீற்றிருக்கிறது. பல அத்தியாயங்கள் தள்ளி, மிருகங்களின் வரிசையில் தீயெலியும் தன் துணியோடு வீற்றிருக்கிறது. உலகத்துப் பொருள்களையெல்லாம் வகைப்படுத்தும் பெருமுயற்சியில் ஈடுபட்ட மகா வைத்தியருக்கு, இரண்டும் ஒன்றே என்று கோர்த்துக் காட்ட மனம் வரவில்லை. முன்னோர் எழுதியதை விட்டுவிடலாகாது என்ற பக்தி, அறிவுக்குச் செய்யும் தீங்குகளில் இது சிறியது. அதனால் யாருக்கும் நோய் முற்றியிராது.

ஜப்பானில் முடிவு கட்ட முற்பட்டவர் ஹிராகா கென்னாய். 1728இல் ஷிக்கோக்குத் தீவில் சிறு உத்தியோகஸ்தர் குடும்பத்தில் பிறந்து, மூலிகை ஆராய்ச்சி, நாடகம், நையாண்டி, சுரங்கம், எண்ணெய்ச் சித்திரம், மின்பொறி எனத் தொட்டவற்றுள் பாதியைப் பாதியிலேயே விட்ட விசித்திர மேதை அவர். சிச்சிபு மலைகளில் கல்நாரைக் கண்டுபிடித்து, 1764இல் அதனைத் துணியாக நெய்து, மறு ஆண்டே 'ககன்பு ரியக்கு செத்ஸு' என்ற சிறு நூலையும் வெளியிட்டார். நெய்தது வாசனைத் தூபத்துக்கு அடியில் வைக்கும் சிறு விரிப்பு அளவே. நாகசாகியில் இருந்த சீன வர்த்தகர்கள் அங்கிக்குத் தக்க பெரிய அளவு கேட்டபோது, குட்டை இழையை வைத்துக்கொண்டு அவரால் நெய்து கொடுக்க இயலவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு ஜப்பானிய மந்திரி சீன வர்த்தகனிடம் கேட்டு ஏமாந்தது கதை; இப்போது சீன வர்த்தகர் ஜப்பானியனிடம் கேட்டு வெறுங்கையோடு திரும்பியது சரித்திரம். கென்னாய் மனக்கலக்கத்தில் ஒருவரை வாளால் தாக்கிய குற்றத்துக்குச் சிறைப்பட்டு, 1780இன் தொடக்கத்தில் சிறையிலேயே இறந்தார்.

பின்னர் நடந்தவற்றை விரித்தெழுத வேண்டியதில்லை. கல்நார் யந்திர யுகத்தின் பொருளாயிற்று. கொதிகலனுக்குப் போர்வையாகவும், நம் ஊர் வரையில் கூரைத் தகடாகவும் வந்தது. சீனத்தின் இன்றைய சிச்சுவான் மாகாணத்தில் 1951இல் அமைத்த ஒரு மாவட்டத்துக்கு அங்குள்ள சுரங்கத்தை முன்னிட்டு ஷிமியான், அதாவது கல்பஞ்சு என்றே பெயரிட்டார்கள். அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது தெளிவான பிறகு, ஜப்பான் 2006இல் ஏறத்தாழ எல்லாப் பயன்களையும் தடைசெய்தது. எலியோ அங்கே சௌக்கியமாக இருக்கிறது. 1996இல் ருமிகோ தகஹாஷி தொடங்கிய 'இனுயாஷா' சித்திரக்கதையின் நாயகன் அணிந்திருக்கும் சிவப்பு அங்கி தீயெலியின் மயிரால் நெய்யப்பட்டதே.

முடிக்குமுன் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவகசிந்தாமணியில், செந்நெருப்பை உண்ணும் சிவந்த எலியின் மயிரால் ஆன கம்பலம் ஒன்றைத் திருத்தக்கதேவர் பேசுகிறார். மதுரையின் அறுவை வீதியில் மயிரினாலாகிய துணியும் அடுக்கியிருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லுமிடத்தில், அடியார்க்குநல்லார் அந்த மயிரை எலிமயிர் என்றே உரைக்கிறார். திருத்தக்கதேவர் வாழ்ந்த காலம் மூங்கில்வெட்டியின் கதை எழுந்த காலத்துக்கு வெகு தொலைவில் இல்லை. தீக்குள் இருக்கையில் எலி சிவப்பு என்று சீன ஏடும் சொல்லுகிறது. சீன வர்த்தகன் இந்தியாவைக் கைகாட்டியதும், பிளினி இந்தியாவைக் கைகாட்டியதும் முன்பே கண்டோம். இந்தச் செவ்வெலி நம் துறைமுகங்களுக்குக் கீழ்க்கடல் வழியாக வந்ததா, இங்கிருந்து புறப்பட்டுப் போனதா என்பதைத் தமிழும் சீனமும் கற்ற ஒருவர் இரு நாட்டு ஏடுகளையும் ஒருங்கே வைத்து ஆராய வேண்டும். கல்லூரிகளில் இன்று சீனம் பயிலும் நம் இளைஞர்களுள் யாரேனும் இதனை மேற்கொண்டால், இந்தத் தொடரின் ஓர் இதழையே அவருக்கு ஒதுக்கித்தரச் சித்தமாயிருக்கிறோம்.